வாவிக்கரைப் பூங்கா: மட்டக்களப்பிற் சிறுவர் உளநல ஆய்வின் வரலாறு

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கமிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் நீர்ப்பரப்பாகும். அதன் கீழ்ப்புறத்தே கடலோடு ஒட்டிய நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்புறத்தே வயலும் காடுமாக விரிந்த நிலத்தைப் படுவான்கரை என்றும் இப்பிரதேச மக்கள் வழங்குவர். ஞாயிறு எழுகின்ற கரை, படுகின்ற கரை என்பது பெயர்களின் பொருள். கச்சேரியும் பெரிய ஆசுப்பத்திரியும் பேர்பெற்ற பாடசாலைகளும் வாவி நடுவே உள்ள புளியந்தீவிலும் எழுவான்கரையிலுமே எழுந்தன. படுவான்கரைத் தாயொருத்தி நோயுற்ற பிள்ளையை வைத்தியரிடம் காட்டுவதாயின் துறை கடந்தே வரவேண்டியிருந்தது. இப்பிரதேசத்துக் கல்வி வரலாற்றையும் மருத்துவ வரலாற்றையும் எழுதப் புகுவோர் முதலில் அளந்தறிய வேண்டியது இத்துறைக்கும் அத்துறைக்கும் இடைப்பட்ட தொலைவையே.

உடல் நோய்க்கே இத்துணைத் தொலைவு எனின், உள்ளத்தின் வேறுபாட்டுக்கு எத்துணைத் தொலைவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பேர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராத பிள்ளை, ஐந்து வயதாகியும் வாய் திறவாத பிள்ளை, கையை விசிறிக்கொண்டு ஓரிடத்திலேயே சுற்றிச் சுற்றி வரும் பிள்ளை, வகுப்பறை வாங்கில் ஒரு நாழிகையும் அமர்ந்திராத பிள்ளை ஆகியோர் எக்காலத்தும் எல்லா ஊரிலும் பிறந்தே வந்துள்ளனர். அவர்களுக்கு ஊர் இட்ட பெயர்கள் இரண்டொன்றே: மந்தபுத்தி, பேய்க்குணம். தாய் முதலில் பரிசாரியிடம் போவாள். பின்னர் நூல் கட்டுவிப்பாள். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு தொடங்கியதும் கோயில் வாசலில் நின்று வாக்குக் கேட்பாள், நேர்த்தி வைப்பாள். இவற்றை மூடப்பழக்கம் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் அக்கோயில் வாசலில் அவள் தனியளாக நிற்கவில்லை என்பதும் கருதற்பாலது.

ஏனெனில் மட்டக்களப்புச் சமூகத்தின் அமைப்பு ஈழத்தின் ஏனைய தமிழ்ப் பகுதிகளினின்றும் வேறானது. இங்கு குடி தாய்வழியே இறங்குவது. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாக எழுதப்படும். மணமகன் மனைவியின் வீட்டுக்கு வருவான். இதனால் உடன்பிறந்த பெண்களின் வீடுகள் ஒரே வளவிலோ அடுத்தடுத்த வளவுகளிலோ அமைந்துவிடுகின்றன. இவ்வமைப்பு இந்துத் தமிழருக்கு மட்டும் உரியதன்று. கிழக்குக் கரையின் முஸ்லிம் மக்களும் இதே தாய்வழிக் குடிமுறையையும் வீட்டுச் சீதன வழக்கையும் உடையவர்கள் என்பதை அக்கரைப்பற்றுப் பகுதியில் நெடுங்காலம் ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியான தம் பெருநூலில் விரிவாகக் காட்டியுள்ளார். வேறுபட்ட பிள்ளையொன்று இத்தகைய வளவிற் பிறக்கும்போது அம்மம்மாவும் பெரியம்மாவும் சின்னம்மாவும் ஒரு கூப்பிடு தூரத்திலே இருப்பர். அப்பிள்ளைக்குப் பெயரிட அவர்களுக்குத் தெரியாது. ஆனால் யாருடைய கையாற் கொடுத்தாற் சோறு உண்ணும், எந்தச் சத்தத்துக்கு அஞ்சும் என்பது தெரியும். இன்றைய ஆய்வாளர் ‘ஆதரவு வலை’ என்று குறிப்பது இதனையே.

அரசின் கல்வி முறையில் இப்பிள்ளைகளுக்கு நெடுங்காலம் இடமிருக்கவில்லை. இலங்கையிற் சிறப்புக் கல்வியின் தொடக்கம் 1912. மேரி சப்மன் என்னும் ஆங்கிலப் பெண்மணி செவிப்புலனும் கட்புலனும் இழந்தோருக்கென ஒரு பாடசாலையை அவ்வாண்டில் நிறுவினார். தென்னிலங்கையில் இரத்மலானையில் நிலைகொண்டது அப்பாடசாலை. தமிழ்ப் பிள்ளைகளுக்கென யாழ்ப்பாணத்துக் கைதடியில் நவீல்ட் பாடசாலை 1956இல் எழுந்தது. கண்ணும் செவியும் புலப்படும் குறைகள். அவற்றுக்கு இரங்குதலும் எளிது. புறத்தே யாதொரு குறையுமின்றி அகத்தே வேறுவிதமாய் இயங்கும் பிள்ளை இவ்விரு வாசல்களுக்கும் உரியதாகவில்லை. 1945இல் வந்த இலவசக் கல்வி எல்லோருக்கும் கதவைத் திறந்ததென்பது உண்மை. ஆயினும் திறந்த கதவினூடே உள்ளே சென்று மூன்றாம் நாள் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளின் கணக்கை எந்த இடாப்பிலும் தேடுதல் வீண்.

உலகின் பிற பாகங்களிலும் இவ்வரலாறு பெருமைக்குரியதன்று. பிரான்சில் 1800இல் காட்டினின்றும் பிடித்துவரப்பட்ட விக்டர் என்னும் சிறுவனுக்கு மருத்துவர் இத்தார் சில ஆண்டுகள் மொழி கற்பிக்க முயன்றது சிறப்புக் கல்வியின் தோற்றுவாயாகக் கொள்ளப்படுகிறது. 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் பதினொரு பிள்ளைகளை விவரித்து எழுதிய கட்டுரையே ஓட்டிசம் என்னும் பெயரை நிலைநிறுத்திற்று. அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேர்கர் இதனையொத்த பிள்ளைகளைப் பற்றி எழுதினார். இவ்விருவருக்கும் ஏறக்குறைய இருபதாண்டு முன்னரே, 1925இல், குருன்யா சுகரேவா என்னும் ரஷ்ய மருத்துவப் பெண்மணி ஆறு சிறுவர்களைக் கூர்ந்து நோக்கி இத்தன்மைகள் அனைத்தையும் எழுதிவைத்திருந்தார் என்பதைப் பாடநூல்கள் அண்மைக்காலம்வரை சொல்லவில்லை. பின்வந்த காலத்தில் நிகழ்ந்ததோ இதனினும் கொடிது. தாயின் அன்பின்மையே பிள்ளையை இவ்வாறு ஆக்கிற்று என்னும் கொள்கை அமெரிக்காவிற் பரவியது. புரூனோ பெற்றெல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல் அதற்குப் பெரும் புகழ் தேடிக்கொடுத்தது. தாய் செய்த பாவம் பிள்ளையில் வந்து விடிந்தது என்று வாவிக்கரைக் கிழவி சொன்னதும், தாயின் நெஞ்சு பனிக்கட்டி என்று சிக்காகோப் பேராசிரியர் சொன்னதும் அடிப்படையில் ஒன்றே. பேராசிரியருக்கு அச்சகம் இருந்தது என்பதே வேறுபாடு.

அக்கொள்கையை வீழ்த்தியவர்களிற் பெற்றோராயிருந்த ஆய்வாளரே முன்னின்றனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1964இல் அதனை மறுத்து நூலெழுதிய பேர்னாட் ரிம்லண்ட் ஓட்டிசம் உடைய மகனின் தந்தை. 1979இல் யூடித் கூல்ட் என்பாருடன் சேர்ந்து இலண்டன் மாநகரின் ஒரு பகுதியில் ஆய்வு நடத்தி, ஓட்டிசம் ஒரே அச்சில் வார்த்த நோயன்று, பல படிகளாய் விரிவது என்று நிறுவிய லோர்ணா விங் அத்தகைய மகளின் தாய். இந்தியாவில் 1991இல் டில்லியில் இதற்கெனத் தனி அமைப்பைத் தொடங்கிய மெரி பரூவாவும் ஒரு தாயே. 1998இல் அவுஸ்திரேலியச் சமூகவியலாளர் யூடி சிங்கர், அமெரிக்க எழுத்தாளர் ஹார்வி புளூம் ஆகியோர் எழுத்துகளில் ‘நரம்பியற் பன்மை’ என்னும் பொருளுடைய சொல் வெளிப்பட்டது. காட்டில் உயிர்ப்பன்மை இருத்தல் போல மனித மூளைகளிலும் பன்மை உண்டு. அதனைக் குறையென்று மட்டும் கொள்ளலாகாது என்பது அச்சொல்லின் கருத்து. ஒருவர் இருவரின் ஆக்கமாக அன்றி ஓட்டிசம் உடையோர் பலர் கூடிப் பேசிப் பேசி உருவாக்கிய கருத்து அது என்பதும் பின்னர் எடுத்துக்காட்டப்பட்டுள்ளது.

இக்கருத்துகள் முளைவிட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில் மட்டக்களப்பின் நிலை வேறு. 1990இன் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டது. ஓகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோர் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதே மாதம் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் கொலையுண்டனர். செப்டெம்பர் 5ஆம் நாள் வந்தாறுமூலையிற் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் 158 பேர் பிடித்துச் செல்லப்பட்டு மீளவில்லை. நான்கு நாள் கழித்துச் சத்துருக்கொண்டானிற் பெண்களும் குழந்தைகளுமாகப் பெருந்தொகையினர் மாண்டனர். 1948 முதல் இந்நகரின் கல்விக்குத் தொண்டாற்றிய அமெரிக்க யேசு சபைத் துறவியர் கூட்டத்தைச் சேர்ந்தவரும், புனித மிக்கேல் கல்லூரி மாணவருக்குக் கூடைப்பந்து பயிற்றியவருமான பிதா யூஜின் ஹேபேட் ஓகஸ்ட் 15ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியிற் காணாமற்போனார். ஒரே குடிமுறையும் ஒரே வீட்டு வழக்கும் உடைய இரு சமூகத்தாரின் பிள்ளைகள் அவ்வாண்டுக்குப் பின் ஒருவர் ஊருக்கு ஒருவர் செல்லாமலே வளர்ந்தனர். இடப்பெயர்வினால் வளவுகள் கலைந்தன. அம்மம்மா ஓர் அகதிமுகாமிலும் சின்னம்மா வேறோர் ஊரிலுமாயினர். வேறுபட்ட பிள்ளையைத் தாங்கிநின்ற வலை அறுந்ததும் அப்போதுதான். போரின் இழப்புகளைப் பட்டியலிட்டோர் வீட்டையும் உயிரையும் எண்ணினர். வளவின் கலைவையும் ஓர் இழப்பாக எண்ணியிருப்பின் பல உண்மைகள் முன்னரே தெரிந்திருக்கும்.

ஆய்வாளர் வந்தது போரின் பின்னால். கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மருத்துவரும் சமாதானக் கல்வியாளரும் ‘ஹெல்த் றீச்’ என்னும் பெயரில் ஒரு திட்டத்தை வகுத்து, காஸா, முன்னாள் யூகோசிலாவியா, இலங்கை ஆகிய இடங்களிற் போர் சிறுவரின் நலத்தை எவ்வாறு தாக்குகிறது என்று ஆராய்ந்தனர். மருத்துவர் றொபேட் சேஸ் இலங்கைப் பகுதிக்கு முக்கியமானவர். உள்ளூரில் அவர்களுக்குத் துணைநின்றவர் பிதா போல் சற்குணநாயகம். யேசு சபைத் துறவியும் உளவளத்துணையிற் பயிற்சி பெற்றவருமாகிய அவர் மட்டக்களப்பில் உளவளத்துணை நிலையமொன்றை நடத்திவந்தவர். (வாவியின் பாடும் மீனோசையை 1950களில் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிப் பதிவுசெய்தவரும் அதே சபையைச் சேர்ந்த பிதா லாங் என்பது சுவையான செய்தி. நீரின் அடியிலிருந்து வரும் ஒலிக்குச் செவிசாய்ப்பது அச்சபையாருக்குப் பழகிய தொழில் போலும்.) ஆய்வில் வெளிப்பட்டவை எதிர்பார்த்தவையே: உறவினரின் மரணத்தைக் கண்ட பிள்ளைகள், வீடெரிந்த பிள்ளைகள், உறங்கமாட்டாத பிள்ளைகள். சிறப்பு யாதெனின், ஆய்வு அறிக்கையோடு முடியவில்லை என்பது. கேள்விக்கொத்தைக் கொண்டு பிள்ளைகளின் துயரைக் கிளறிவிட்டு விமானமேறிப் போவது அறமாகாது என்ற எண்ணம் ஆய்வாளரிடையே இருந்தது. சேஸ், சற்குணநாயகம் முதலியோர் சேர்ந்தெழுதி 1999இல் ஓர் ஆய்விதழில் வெளிவந்த கட்டுரையின் தலைப்பே, பாடசாலைச் சிறுவரின் உளநல முயற்சிகளைச் சமாதான முயற்சிகளாகக் காண்பதாக அமைந்தது.

அறிக்கையின் அடுத்த படியாக எழுந்ததே வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா. 1996இல் மட்டக்களப்பு நகரில் யேசு சபையாரின் காணியில் அது தொடங்கிற்று. அதனை வடிவமைக்க அழைக்கப்பட்டவர் போல் ஹோகன் என்னும் கனடிய ஓவியர். இவர் மருத்துவரல்லர், உளவியலாளருமல்லர். பின் ஏன் இவரை அழைத்தனர் என்ற வினாவுக்கு விடை தேடும்போதுதான் இவ்வரலாற்றின் மறைந்த பக்கம் வெளிப்படுகின்றது.

ஹோகன் 1980களில் ரொறன்ரோ நகரில், உடலியக்கக் குறைபாடும் வளர்ச்சி வேறுபாடும் உடைய சிறுவருக்கான ஹியூ மக்மில்லன் மருத்துவ நிலையத்தின் காணியிலே ‘சுருள் தோட்டம்’ என்ற ஒன்றை ஏனைய கலைஞரோடு சேர்ந்து அமைத்தவர். கோடை காலத்தில் நிலையத்துப் பிள்ளைகளும் அயலிலுள்ள ஏனைய பிள்ளைகளும் அங்கே ஒன்றாகக் கூடுவர். மண் பிசைவர், செடி நடுவர், பாவை செய்வர், கதை கட்டுவர். சக்கர நாற்காலியிலிருக்கும் பிள்ளையும் மரமேறும் பிள்ளையும் ஒரே கதையின் பாத்திரங்கள். அங்கே சிகிச்சை என்ற சொல் முன்னே வருவதில்லை. யார் நோயாளி, யார் அயற்பிள்ளை என்ற பிரிப்பும் இல்லை. குறைபாடுடைய பிள்ளையைத் திருத்தியபின் ஏனையோரோடு சேர்ப்பது என்ற பழைய ஒழுங்கைத் தலைகீழாக்கி, முதலிற் சேர்த்தல், பிறவெல்லாம் அதன் வழியே என்று கண்டது அத்தோட்டம்.

இந்த ஒழுங்கையே ஹோகன் மட்டக்களப்புக்குக் கொண்டுவந்தார். ரொறன்ரோவில் பிரிந்து கிடந்தவர்கள் ஊனமுற்ற பிள்ளைகளும் ஊனமற்ற பிள்ளைகளும். மட்டக்களப்பில் பிரிந்து கிடந்தவர்கள் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும். பூங்காவின் பேருந்து காலையில் ஊர்களுக்குச் சென்று, வழியிலுள்ள சோதனைச்சாவடிகளைக் கடந்து இரு சமூகத்துப் பிள்ளைகளையும் ஏற்றி வரும். வாரத்தில் ஒரு நாள் என்ற கணக்கில் ஒரே பிள்ளைக் கூட்டம் பல மாதங்கள் தொடர்ந்து வரும். அவர்களுடன் இருந்து வழிநடத்தியோர் பெரும்பாலும் இப்பிரதேசத்து இளைஞரும் யுவதியரும். அவர்களும் போரினுள் வளர்ந்தவர்களே. மண்ணும் வண்ணமும் பாட்டும் பாவையும் கதையும் அவர்களின் கருவிகள். நீ கண்டதை வரை, நீ இழந்தவரைப் பற்றிச் சொல் என்று எவரும் பிள்ளையை நெருக்குவதில்லை. பிள்ளை தானாக ஒரு கதையை ஆக்கும். அக்கதையிற் பறவையாகவோ பூதமாகவோ தன் துயர் வந்து நின்றால் நிற்கும், இல்லையேல் இல்லை. பேசாத பிள்ளையும் ஒரு நாள் முழுவதும் களிமண் உருட்டிக்கொண்டிருக்கலாம். பாடசாலையில் அது குற்றம். பூங்காவில் அது வேலை.

இம்முறையைக் குறைகூறியோர் இல்லாமலில்லை. பட்டினியும் படையணிச் சேர்ப்பும் ஊரை வாட்டும்போது வண்ணம் பூசுதல் என்ன பயன் தரும் என்பது ஒரு கேள்வி; வாரத்தில் ஒரு நாள் பூங்காவில் சேர்ந்திருந்த பிள்ளைகள் ஏனைய ஆறு நாளும் பிரிந்த ஊர்களுக்கே திரும்பினர் என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் ஒரு பூங்கா போரை நிறுத்தவில்லை என்று சொல்வது அதன்மேற் சுமத்தத்தக்க குற்றமன்று. அதனிலும் கனமான குறை வேறொன்றுண்டு. வளர்ச்சி வேறுபாடுடைய பிள்ளைகளுக்காகப் பிறந்த ஒரு முறை போருற்ற பிள்ளைகளுக்கென மாற்றப்பட்டபோது, முதலில் அதற்கு உரியவராயிருந்தவர்கள் இவ்வூர் ஆய்வுகளின் பெயர்ப்பலகையிலிருந்து மறைந்துவிட்டனர். போர்க்காலத்தில் பேசாத பிள்ளை யாவரும் அஞ்சிப் பேச்சிழந்த பிள்ளையாகவே நோக்கப்படும் நிலை உண்டாயிற்று. பிறப்பிலேயே பேச்சு வேறாக அமைந்த பிள்ளைக்கும் ஷெல் சத்தத்தினாற் பேச்சடைத்த பிள்ளைக்கும் வேண்டுவன ஒன்றல்ல. முன்னதற்குப் படமும் சைகையும் நிலையான நாளொழுங்கும் வேண்டும். பின்னதற்குப் பாதுகாப்பும் நம்பத்தக்க பெரியோரும் வேண்டும். இரண்டையும் ஒருங்கே உடைய பிள்ளையின் நிலையோ இன்னும் கடினம். ஒழுங்கு குலைந்தாற் குலையும் மனத்துக்கு, நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடுதல் எத்தகைய பேரிடர் என்பதை ஊகித்தல் அரிதன்று.

பூங்காவைப் பற்றிய விரிவான பதிவை விட்டுச்சென்றவர் அமெரிக்க மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ். 1990களில் மட்டக்களப்பு அம்மன் கோயில்களில் தெய்வமாடி வாக்குச் சொல்வோரிடையே களஆய்வு செய்த இவர், காணாமற்போன மகனைப் பற்றிக் கேட்கத் தாய்மார் அக்கோயில்களுக்கு வந்ததைக் கண்டு எழுதியவர். பொலிஸ் நிலையத்திற் கேட்கவியலாத கேள்வியை அம்மன் வாசலிற் கேட்டனர் என்பது அவர் கண்ட உண்மை. அவரே பின்னர் பூங்காவின் பிள்ளைகளுடைய கதைகளை ஆராய்ந்து 2003இல் கொழும்பு இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையத்தின் வாயிலாக நூலொன்றை வெளியிட்டார். பரிசாரியையும் வாக்கையும் பூங்காவையும் ஒரே ஆய்வாளர் ஒரே மதிப்போடு நோக்கினார் என்பது இத்துறையிற் பெரிதும் போற்றத்தக்கது. மாகிரட் ட்ராவிக்கின் பார்வை வேறு. தமிழ்நாட்டுக் குடும்பமொன்றின் அன்பைப் பற்றி 1990இல் அரிய நூலெழுதிய இவர், பிற்பாடு மட்டக்களப்புக்கு வந்து படுவான்கரையிற் போரினூடே பிள்ளைகள் எவ்வாறு விளையாடினர் என்று கவனித்தார்; 2007இல் அது நூலாயிற்று. பிள்ளைகளைத் துயரின் கொள்கலமாக மட்டும் காணாது, விளையாடத் தெரிந்தவர்களாகவும் தம் எண்ணம் உடையவர்களாகவும் கண்டமை அந்நூலின் வலிமை. நரம்பியற் பன்மையாளர் கேட்பதும் ஏறக்குறைய இதனையே.

2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல் எழுவான்கரையை விழுங்கியது. அதன்பின் வந்தது இன்னொரு வெள்ளம்: தொண்டு நிறுவனங்களின் வெள்ளம். மொழி தெரியாத ஆலோசகர்கள் முகாம்களில் இறங்கிப் பிள்ளைகளின் கையில் வண்ணத்தைக் கொடுத்து அலையை வரையச் சொன்னார்கள். எட்டாண்டுகளாக இதே கரையில் வண்ணத்தை எவ்வாறு கொடுக்க வேண்டும் என்று கற்றிருந்த பூங்கா அருகிலேயே இருந்தது. அப்பொழுது கிழக்கில் அரச சேவையிலிருந்த மனநல மருத்துவர் மகேசன் கணேசனும், மட்டக்களப்பில் வேரூன்றிப் பணியாற்றிய ஆனந்த கலப்பத்தியும் இக்குழப்பத்தினுள் ஒழுங்கு காண முயன்றவர்கள். கலப்பத்தியும் தோழரும் கண்டல் மரத்தின் ஆங்கிலப் பெயரைத் தாங்கிய ‘மாங்குரோவ்’ என்னும் ஒருங்கிணைப்பு நிலையத்தை மட்டக்களப்பில் நடத்தினர். யார் எந்த முகாமில் என்ன செய்கிறார் என்பதை எல்லோரும் அறியச் செய்வதே அதன் முதல் வேலை. 2008இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. பெருமருத்துவமனைகளில், அதுவும் கொழும்பை அண்டியே, குவிந்துகிடந்த மனநல சேவையை மாவட்டங்களுக்குப் பகிரும் தேசிய மனநலக் கொள்கை 2005இல் ஏற்கப்பட்டதற்கும் சுனாமியின் அனுபவமே பெருங்காரணமாயிற்று. கடல் அழித்ததன்பின் கிடைத்த நன்மையை நன்மை என்று எழுதவும் கை கூசுகிறது. ஆயினும் வரலாறு அதுவே.

வளர்ச்சி வேறுபாட்டை நேராக நோக்கிய ஆய்வு இலங்கையில் இதன்பின்னரே வலுப்பெற்றது. கொழும்புப் பல்கலைக்கழகச் சிறுவர் உளமருத்துவப் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் உடனாய்வாளரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, பதினெட்டு முதல் இருபத்துநான்கு மாதக் குழந்தைகளிடையே 93 பேருக்கு ஒருவர் என்ற வீதத்தில் ஓட்டிசம் காணப்படுவதாகக் கூறிற்று. செய்தித்தாள்களும் மேடைகளும் இவ்வெண்ணை மீள மீள எடுத்தாண்டன. பார்க்கப்பட்ட குழந்தைகள் 374 பேர் என்பதையும், அவ்வீதம் நால்வரைக் கொண்டு பெறப்பட்டது என்பதையும் கூடவே சொல்லியிருக்கலாம். அவ்வாய்வின் உண்மையான பேறு வேறோரிடத்தில் உள்ளது. மேனாட்டிலிருந்து பெயர்த்த வினாக்கொத்தைத் தாய்மாரிடம் கொடுத்தபோது பெரும்பாலான பிள்ளைகள் அதனூடே தப்பிவிட்டனர். விரல் சுட்டிக் காட்டுகிறதா, கண்ணை நோக்குகிறதா என்னும் வினாக்கள் தாய்க்கு விளங்கவில்லை. அல்லது தன் பிள்ளையைப் பற்றி அவ்வாறு ஓர் அந்நியரிடம் ‘இல்லை’ என்று சொல்ல மனம் வரவில்லை. இதனை உணர்ந்த பெரேரா குழுவினர் எழுத்தை விட்டுப் படத்துக்குச் சென்றனர். பிள்ளைகளின் நடத்தைகளைப் புகைப்படங்களாகக் காட்டி, இவ்வாறு உங்கள் பிள்ளை செய்வதுண்டா என்று கேட்கும் கருவியொன்றை ஆக்கி 2017இல் அதன் பயனை வெளியிட்டனர். தாய் நம்பத்தகாதவள் அல்லள். கேள்வியே நம்பத்தகாததாயிருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

மொழியின் இடர்ப்பாடு தமிழருக்கு இரட்டிப்பு. தமிழ்நாட்டின் அரச ஏடுகளில் ஓட்டிசம் உடையோரைப் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று எழுதும் வழக்கம் உண்டு. மின்விசிறியின் சுழற்சியையும் மழைத்துளியின் வரிசையையும் நாட்கணக்கிற் கூர்ந்து நோக்கும் பிள்ளைக்கு இப்பெயரைச் சூட்டியவர் அப்படியொரு பிள்ளையைக் கண்டிருப்பாரோ என்று ஐயுற வேண்டியுள்ளது. ‘மதியிறுக்கம்’ என்னும் சொல் சற்றுத் தாழ்வில்லை. ஈழத்தில் மருத்துவரும் ஆசிரியரும் ஓட்டிசம் என்றே சொல்கின்றனர். தாய்மாரும் அதனையே கற்றுக்கொள்கின்றனர். நல்ல தமிழ்ச்சொல் வாய்க்கும்வரை பிறமொழிச் சொல்லே பழிச்சொல்லினும் மேலானது.

சட்டத்தின் நிலையும் இங்கே குறிக்கத்தக்கது. மட்டக்களப்பிற் பூங்கா தொடங்கிய அதே 1996இலேயே வலதுகுறைந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிற்று. 1997இல் ஐந்து முதல் பதினான்கு வயதுவரையான பிள்ளைகள் அனைவருக்கும் கட்டாயக் கல்வி விதிக்கப்பட்டது. வலதுகுறைந்தோர் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தில் 2007இல் ஒப்பமிட்ட இலங்கை, அதனை ஏற்றுறுதி செய்தது 2016இல். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் ஐந்து வயதிற் பாடசாலை வாசலுக்கு வந்த ஒரு பிள்ளைக்குக் கட்டாயக் கல்விக்குரிய வயதே முடிந்துவிட்டது.

தமிழ்ப் பகுதிகளில் அரசுக்கு முன்னே மக்களே முயன்றனர். யாழ்ப்பாணத்தில் உளவளர்ச்சி வேறுபாடுடைய பிள்ளைகளுக்கெனச் சிவபூமிப் பாடசாலை 2004இல் கோண்டாவிலில் எழுந்தது. மட்டக்களப்பில், 1990இன் கொலைகளாற் பேர்கேட்ட அதே சத்துருக்கொண்டானில், ஓசானம் இல்லம் இத்தகைய பிள்ளைகளை ஏற்று வந்துள்ளது. அரச பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகளும் உள்ளன. அலகு என்பது பெரும்பாலும் பொதுப் பாடசாலையின் மதிலுக்குள் அமைந்த தனியறை. பல வயதினர், பல வேறுபாட்டினர், ஓர் ஆசிரியை. அருகே நாற்பது பிள்ளைகளுடைய வகுப்பறைகள். சுருள் தோட்டத்தில் அயற்பிள்ளைகளையும் அழைத்தமைக்குக் காரணம் கேட்டோருக்குத் தோட்டமே விடையாக இருந்தது. அலகிலும் வகுப்பறையிலும் படிக்கும் பிள்ளைகள் ஒருங்கே மண் பிசைய ஓரிடம் ஒதுக்குவதற்குப் புதிய சட்டமோ புதிய கட்டடமோ வேண்டியதில்லை. பிதா சற்குணநாயகத்தின் பூங்கா தொடங்கியபோது இருந்ததும் ஒரு காணியும் ஒரு பேருந்தும், பிள்ளைகளோடு நாள் முழுவதும் தரையில் அமர்ந்திருக்கத் தயங்காத சில இளைஞருமே.